ஏன் சாரும் உருண்டுபோன லோரியும்

பினாங்குத் தீவில் எல்லாரும் சேர்ந்து இதுவரை கேட்ட ‘ஏன்’களை ஒரு தட்டிலும், ஏன் சார் ஒருவரே கேட்ட ‘ஏன்’களை மறு தட்டிலும் வைத்தால், ஏன் சாரின் தட்டுதான் தரையில் இடித்துக்கொண்டு நிற்கும். மற்றவர்கள் பாதியில் களைத்துப் போவார்கள். அவருக்குக் களைப்பே வராது.

பாலிக் புலாவ் போகும் மலைப்பாதையில் ஒரு கல் குவாரி இருக்கிறது. அங்கே கேன்டீனில் டீ ஆற்றுவது என் வேலை. ஜார்ஜ்டவுனிலிருந்து காலை பஸ் பிடித்துப் போய்விடுவேன். பேச்சு எனக்குக் குறைவு. அடுப்புக்குப் பின்னால் நின்றுகொண்டு கேட்பதோடு சரி.

அந்தக் குவாரிக்குப் பாதுகாப்பு அதிகாரியாக வந்தவரைத்தான் நாங்கள் ‘ஏன் சார்’ என்று கூப்பிடுவோம். ஒல்லியான மனிதர், கழுத்தில் சிலுவை போட்ட சங்கிலி. வந்த அன்றே என் டீயை ஒரு வாய் குடித்துவிட்டு நிமிர்ந்தார்.

“அம்மா, சீனி கம்மியா இருக்கே, ஏன்?”

“டின்னு மேல இருக்கு சார். எட்டி எடுக்கணும்.”

“ஏன் மேல வச்சீங்க?”

“எறும்பு சார்.”

“எறும்பு ஏன் வருது?”

“பாத்திரம் கழுவுற தொட்டிக்கு அடியில எப்பவும் ஈரம்.”

“ஏன் ஈரம்?”

அவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு தொட்டிக்கு அடியில் படுத்தார். வெளியே இரண்டு கால்கள் மட்டும் தெரிந்தன. கோப்பி குடிக்க வந்த டிரைவர் ஒருவர் பயந்துபோய், “சாருக்கு மயக்கமா?” என்று கேட்டார். மறுநாள் குழாய்க்காரர் வந்தார், ஒழுக்கு நின்றது, சீனி டின் கீழே இறங்கியது. அந்த டீ மட்டும் சீனியில்லாமலே ஆறிப்போனது.

கல் உடைக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் வேலை செய்பவர்கள் தூசி மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கி விட்டிருப்பார்கள். முன்பு இருந்த அதிகாரிகள் அதைப் பார்த்தால் சத்தம் போடுவார்கள். ஏன் சார் சத்தம் போடவில்லை. அதே மாஸ்க்கையும் தூசிக் கண்ணாடியையும் தானும் போட்டுக்கொண்டு காலை முழுவதும் அங்கேயே நின்றார். சாப்பாட்டுக்கு மாஸ்க்கோடேயே வந்தபோது கண்ணாடி முழுக்க ஆவி. பெஞ்சு என்று நினைத்து என் வெங்காயக் கூடையில் உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்த இடத்திலிருந்தே பேசினார்.

“அம்மா, இதப் போட்டா கண்ணாடியில ஆவி அடிக்குது. கண்ணு தெரியாம மெஷின்கிட்ட எப்படி நிப்பான்? அதான் எறக்கி விடுறான்.”

அதற்குப் பிறகு வேறு மாதிரி மாஸ்க் வந்தது. யாரும் இறக்கி விடவில்லை. நசுங்கிய வெங்காயத்தை நான் சாம்பாரில் போட்டேன்.

அவருக்கு ஒரு சொல் மட்டும் ஆகாது, ‘யார்’ என்ற சொல். அடிபட்ட இடத்தில் யாராவது “யார் செஞ்சது?” என்று ஆரம்பித்தால் கையை உயர்த்தி நிறுத்திவிடுவார். “யாருன்னு கேட்டா ஒரு பேரு கெடைக்கும். அதோட கேள்வி படுத்துக்கும். அடுத்த மாசம் அதே எடத்துல இன்னொருத்தன் அடிபடுவான்” என்பார். இவருக்கு வேறு வேலையில்லை என்றுதான் நாங்கள் நினைத்தோம். மணியத்தின் லோரி உருளும் வரைக்கும்.

மணியம் கல் ஏற்றும் லோரி ஓட்டுபவர். ஒரு காலையில் அவருடைய காலி லோரி, ஆளில்லாமல் மேட்டிலிருந்து பின்பக்கமாகவே உருண்டு, பின்னால் வந்த லோரியை மயிரிழையில் தவறவிட்டு, காவலர் கொட்டகையை மோதித் தள்ளியது. காவலர் அந்த நேரம் என்னிடம் டீ குடித்துக்கொண்டிருந்தார். கொட்டகை சாயும் சத்தம் கேட்டதும் அவர் கிளாஸோடு வெளியே ஓடினார்.

மணியத்தை வேலையை விட்டு நிறுத்துவது என்று மேனேஜர் முடிவு செய்துவிட்டார். லோரியை உருளவிட்ட டிரைவர் என்று பேர் வாங்கியவரிடம் இந்தத் தீவில் வேறு யார் சாவி கொடுப்பார்கள்? இரண்டு பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள். முதலில் விசாரணை வேண்டும் என்றார் ஏன் சார். அதையும் கேன்டீனில்தான் வைத்தார். ஆபீஸில் உட்கார்ந்தால் ஆபீஸ் பேச்சுதான் வருமாம்.

“லோரி ஏன் உருண்டுச்சு?”

“ஹேண்ட் பிரேக்க முழுசா இழுக்கல சார்” என்றார் மணியம்.

“முடிஞ்சுது லா” என்று எழுந்தார் மேனேஜர்.

“உக்காருங்க பாஸ், இப்பதான் ஆரம்பிச்சிருக்கோம். ஏன் முழுசா இழுக்கல?”

“அவசரமா எறங்கினேன் சார். பின்னால லோரி வந்து ஹாரன் அடிக்கிறான்.”

“லோரி வர்ற பாதையில ஏன் எறங்கின?”

சுற்றி நின்ற டிரைவர்கள் எல்லாரும் தங்கள் பூட்ஸைப் பார்த்தார்கள். நான் அடுப்பைப் பார்த்தேன். எங்கள் எல்லாருக்கும் காரணம் தெரியும். அந்த மேட்டில் முனியாண்டி கோயில் இருக்கிறது. மலையை உடைக்கப் போகிறவர்கள் முதல் நடையில் அங்கே நிறுத்தி, இறங்கி, பூட்ஸைக் கழற்றி ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் போவார்கள். பாதையில் இறங்கக் கூடாது என்பது கம்பெனி சட்டம். விஷயம் தெரிந்தால் கோயிலை எடுத்துவிடுவார்கள் என்று பயம். மணியம் வேலையை விடத் துணிந்தாரே தவிர, வாயைத் திறக்கவில்லை.

ஏன் சார் அதற்குமேல் வற்புறுத்தவில்லை. மறுநாள் காலை சின்னத்தம்பி என்ற டிரைவரின் லோரியில் பக்கத்து சீட்டில் ஏறிக்கொண்டார். நடந்ததைச் சின்னத்தம்பியே கேன்டீனில் சொன்னார்.

“சார் பக்கத்துல இருக்காரே, நேரா போயிடலாம்னுதான்க்கா நெனச்சேன். கோயில் கிட்ட வந்ததும் காலு தானா பெடல விட்டுடுச்சு. கையி நெஞ்சுக்குப் போயிடுச்சு. ‘ஏன் மெதுவா போற?’ன்னாரு. ‘நிறுத்து’ன்னாரு. எனக்கு முன்னாடி அவரே எறங்கி, பூட்ஸக் கழட்டிட்டு, முனியாண்டி முன்னால நின்னு நெஞ்சுல சிலுவைக்குறி போட்டாரு அக்கா. பழக்கதோஷம்.”

கேன்டீன் முழுக்கச் சிரிப்பு. மணியம் வீட்டில் இருக்கிறார் என்பது ஞாபகம் வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

மறுபடியும் விசாரணை. இந்த முறை ஏன் சாரே விஷயத்தைச் சொன்னார். மேனேஜர் உடனே, “அப்போ கோயில எடுத்துடுவோம்” என்றார்.

“எடுத்தா, எறங்குறது நிக்குமா பாஸ்? அந்த எடத்துல ஒரு கல்லு கெடந்தாலும் அதக் கும்பிட எறங்குவாங்க. நான் கேக்குறது வேற. கோயில் ஏன் மேட்டுல இருக்கு?”

“எப்பவும் அங்கதான் இருக்கு” என்றார் மேனேஜர்.

“கோயில் அங்கதான் இருக்கு. பாதை?”

பல வருஷமாகக் குவாரியில் இருக்கும் கிழவர் ஒருவர் மெல்லச் சொன்னார். பழைய பாதை கோயிலுக்கு முன்னால் சமதரையில்தான் போனது. அப்போது நிறுத்தி இறங்கினால் ஒன்றும் ஆகாது. மலையை உள்ளே வெட்டிக்கொண்டு போனபோது, ஒரு வளைவை மிச்சம் பிடிக்கக் கோயிலுக்கு எதிரே பாதையை ஏற்றமாகப் போட்டுவிட்டார்கள். ஆட்கள் அங்கே நிற்பார்கள் என்பதை யாரும் யோசிக்கவில்லை.

மேனேஜர் முகம் மாறியது. அந்தப் பாதையைப் போடச் சொன்னவர் அவர்தான். “அது யாருன்னா...” என்று இழுத்தார்.

“யாருன்னு நான் கேக்கல பாஸ்” என்றார் ஏன் சார்.

மேனேஜர் வெகுநேரம் டீயைக் கலக்கிக்கொண்டே இருந்தார். பிறகு, “எவ்வளவு அகலம் வெட்டணும்?” என்று கேட்டார்.

கோயிலுக்கு எதிரே பாதையோரம் லோரி நிற்கிற அளவுக்குச் சமமாக வெட்டி, ஓரத்தில் லோரி உருண்டு போகாதபடி கல் மேடு கட்டினார்கள். மணியம் வேலைக்குத் திரும்பினார். முதல் நடையில் அங்கே நிறுத்தி, நிதானமாக இறங்கிக் கும்பிட்டார். பின்னால் வந்த லோரிகள் ஒதுங்கிப் போயின. ஹாரன் சத்தம் இல்லை.

ஏன் சார் இப்போது இங்கே இல்லை. கடலுக்கு அந்தப் பக்கம், வேறொரு குவாரிக்குப் போய்விட்டார். போகும்போது ஒரு பொட்டலம் பகோடா மட்டும் கொடுத்தேன்.

காலையில் முதல் லோரி கோயிலுக்கு எதிரே வந்து நிற்கும்போது, பிரேக்கிலிருந்து காற்று புஸ்ஸென்று இறங்கும் சத்தம் கேன்டீன் வரைக்கும் கேட்கும். அந்த மனிதர் எங்கே இருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும் என்று அப்போது வேண்டிக்கொள்வேன். முனியாண்டியிடம்தான் வேண்டுகிறேன். சாரின் மாதாவிடமும் முனியாண்டி ஒரு வார்த்தை சொல்லி வைப்பார்.