பலா அடிக்கட்டையும் அடுத்தாத்து மாமரமும்

மட்டாஞ்சேரி,
2-3-1982

கல்பாத்தியில் இருக்கும் சௌபாக்கியவதி மீனாக்ஷி அக்காவுக்கு, தங்கை சீதாலக்ஷ்மி அநேக நமஸ்காரம். பகவத் கிருபையால் இவ்விடம் எல்லோரும் க்ஷேமம். அடுத்தாத்தில் எங்களைவிட க்ஷேமம். அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

எங்காத்து முற்றத்துப் பலா, அதுவரை காய்க்காமலே நின்று, இரண்டு வருஷம் முன்பு அறுபது சக்கை காய்த்துவிட்டு, போன மழையில் சாய்ந்தது உனக்கு ஓர்மை இருக்கும். அடிக்கட்டை நட்ட நடுவில் நின்றுவிட்டது. அதைச் சுற்றி ஒன்பது புள்ளிக்கு மேல் கோலம் போட முடியாது. அடுத்தாத்துக் கமலாக்ஷியோ முன்னமே தன் தென்னங்கட்டையைத் தோண்டி எறிந்துவிட்டு, முற்றமெல்லாம் சிமெண்ட் பூசி, இருபத்தொரு புள்ளி போடுகிறாள். மார்கழி முதல் நாள் இவர் கோவிலுக்குப் போகிறேன் என்று கிளம்பி, அவள் வாசலில் நின்று, "பேஷ், கோலம்னா இதுன்னா கோலம்!" என்றார். என் கோலத்தைத் தாண்டித்தான் அங்கே போனார், அக்கா. அதை மிதித்துக்கொண்டு.

அன்றே பள்ளுருத்தியிலிருந்து முப்பிடாதியை வரவழைத்தேன். மண் வேலைக்குக் கெட்டிக்காரன், திருநெல்வேலிப் பக்கம். ஆனால் மரத்தில் குடியிருப்பவர்களிடம் சொல்லாமல் கை வைக்கலாமா? கட்டைக்கு மஞ்சள் குங்குமம் இட்டு, தேங்காய் உடைத்து, "யாராயிருந்தாலும் க்ஷமிச்சுண்டு வேற இடம் போங்கோ" என்று வேண்டினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். மோகினியோ குட்டிச்சாத்தானோ, இருந்தால் அங்கே இருக்கட்டுமே என்று தோன்றி, "அடுத்தாத்து மாமரம் காலியாத்தான் இருக்கு" என்றும் சொல்லிவிட்டேன். முப்பிடாதி சிரித்தான். "என்னம்மா, காலி பண்ணச் சொன்னாப் போதாதா? விலாசமும்லா கொடுத்து அனுப்புதீய!"

மூன்று நாள் தோண்டினான். கட்டை வெளியே வந்தது, ஆனால் வாசல் கேட்டைவிட அகலம். பொங்கலுக்கு ஊருக்குப் போய்விட்டு வந்து பிளந்து தருகிறேன் என்று போனான். அதற்குள் நடந்ததைக் கேள். ஏழு வருஷமாக மலடாக நின்ற அவள் மாமரம் இலை தெரியாமல் பூத்தது. அவள் பெண்ணுக்குப் பம்பாய் பாங்க் மாப்பிள்ளை நிச்சயமானான். யூதர் தெரு மிளகுக் கிடங்கில் இவருக்கு வரவேண்டிய மேஸ்திரி உத்தியோகம் அவள் அகத்துக்காரர் விஸ்வேஸ்வரனுக்குப் போயிற்று. எல்லாவற்றையும் பால்கணக்கு நோட்டின் பின்பக்கம் தேதி போட்டு எழுதி வைத்திருக்கிறேன். மோகினியும் இல்லை, சாத்தானும் இல்லை. எங்காத்து மகாலக்ஷ்மியையே வழி சொல்லி அனுப்பிவிட்டேன், அக்கா!

முப்பிடாதி கோடாலியோடு வந்தபோது, "பிளக்காதே, மறுபடியும் குழியில் இறக்கு" என்றேன். "பிடுங்குன பல்லைத் திரும்ப வைக்கச் சொல்லுதீயளே!" என்று போய்விட்டான். குழி ஒரு பக்கம், கட்டை ஒரு பக்கம். இப்போது ஒன்பது புள்ளிக்கும் இடமில்லை. கல்பாத்தி வாத்தியாரிடம் கேட்டு, போனவர்களைத் திரும்ப அழைக்க என்ன மந்திரம் என்று தபாலிலேயே எழுது. என் பெயர் சொல்லாதே.

அத்திம்பேருக்கு நமஸ்காரம், குழந்தைகளுக்கு ஆசீர்வாதம். குருவாயூரப்பன் எல்லோரையும் ஒரே மாதிரி காப்பாற்றட்டும். அடுத்தாத்தைக் கொஞ்சம் குறைத்தாலும் பாதகமில்லை.

இப்படிக்கு,
சீதாலக்ஷ்மி

பி.கு.: கடிதத்தை ஒட்டும் நேரத்தில் கமலாக்ஷி ஒரு பரணி நிறைய மாவடுவோடு வந்தாள். குழியைப் பார்த்துவிட்டு, "சீதே, கட்டைகிட்ட சொல்லிட்டுத்தானே எடுத்தாய்? நான் தென்னங்கட்டை எடுக்கறச்சே, 'அடுத்தாத்துப் பிலா காய்க்காம பாவமா நிக்கறது, அங்கே போங்கோ'ன்னு சொன்னேன், கேட்டயோ" என்றாள். அந்த வருஷம்தான் அறுபது சக்கை. ஆக, வந்தது அவளுடையது, திரும்பிப் போனதும் அவளுடையதுதான். வாத்தியாரிடம் ஒன்றும் கேட்காதே. கட்டையைப் பிளந்து குழியை மூட முப்பிடாதியை நாளைக்கே வரச் சொல்லி ஆள் அனுப்பிவிட்டேன். ஆனாலும் அக்கா, வடுவில் உப்பு ஜாஸ்தி. இவர் ஏழு தின்றார்.