மூன்று மணிக் காட்சியில் புரட்சி

முப்பது நாள் படம் ஓட்டாத தியேட்டருக்கு உரிமம் ரத்து என்பது விதி. எங்கள் தியேட்டருக்கு இருபத்தெட்டாவது நாள்தான் ஒரு படம் கிடைத்தது. கவர்னரை ஊரே கூடிக் கவிழ்க்கிற, யாரும் கேள்விப்படாத கௌபாய்ப் படம், ஐந்து ரீல். அனுமதி மனுவில் 'நிகழ்ச்சியின் தன்மை' என்ற கட்டத்தில் என் வீட்டுக்காரர் உண்மையாக 'புரட்சி' என்று எழுதிவிட்டார்.

மனுவை வாங்கிய உரிம அதிகாரி கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"புரட்சி எத்தனை மணிக்கு?"

"மூணு மணிக் காட்சி சார். இடைவேளைக்கு அப்புறம்தான் சூடு பிடிக்கும்."

"எத்தனை பேர்?"

"இருநூறு பேர், குதிரையோட."

"குதிரைக்குத் தடுப்பூசி போட்டாச்சா?"

"ஐயா, அது சினிமா!" என்றேன்.

"சினிமாவுக்குத் தனி மனும்மா. நீங்க புரட்சின்னு போட்டிருக்கீங்க. பதிவான புரட்சியை வாபஸ் வாங்கப் பதினஞ்சு நாள் ஆகும்."

"என்னங்க, ஊசி போட்டாச்சுன்னு சொல்லித் தொலைங்க" என்று காதைக் கடித்தேன். சொன்னார்.

மறுநாள் ஆணை வந்தது. மேற்படி புரட்சி அனுமதிக்கப்படுகிறது. ஆனால், பார்வையாளர்கள் கலையுமுன் கவிழ்க்கப்பட்ட அரசைப் பழைய நிலையில் திரும்ப ஒப்படைக்க வேண்டும்.

வீட்டுக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். "கடைசி ரீல்ல கவர்னர் தூக்குல தொங்கறாரே. எப்படி ஒப்படைக்கிறது?"

"முதல் ரீல்ல நல்லாத்தானே உட்கார்ந்திருக்கார்? அதைக் கடைசியில போடுங்க."

முப்பதாவது நாள், ஐந்தாம் ரீலில் தொடங்கி முதல் ரீலில் முடித்தோம். முதலில் தொங்கிய கவர்னர் அப்புறம் ஓடினார், அப்புறம் ஒளிந்தார், முடிவில் நாற்காலியில் சாய்ந்து சுருட்டுப் பற்றவைத்தார். செத்தவர்கள் எல்லாரும் ஒழுங்காக வயல் வேலைக்குப் போனார்கள். சரிபார்க்க வந்திருந்த அதிகாரி எழுந்து நின்று, 'அரசு நல்ல நிலையில் பெறப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். உரிமம் பிழைத்தது.

தாடியும் தோள்பையுமாக வந்த சினிமா சங்கத்துப் பிள்ளைகள், "காலத்தையே கலைச்சுப் போட்டுட்டான்யா!" என்று ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள்.

யார் சண்டைக்கு வரப்போகிறார்களோ என்று வாசலில் பார்த்துக்கொண்டு நின்றேன். எதிர்க்கடைத் தையல்காரர் வந்தார்.

"அண்ணே, கதை புரிஞ்சுதா?"

"புரியாம என்னம்மா? அவ்வளவு வெட்டுக்குத்து நடந்து, கடைசியில அதே ஆள், அதே நாற்காலி. இதைத்தானே காலமெல்லாம் பார்க்கறோம்!"

உள்ளேயிருந்து வீட்டுக்காரர் குரல் கொடுத்தார்: "கையெழுத்துத்தான் ஆயிடுச்சே, நாளைக்கு ரீலை நேராக்கிடட்டுமா?"

"வேண்டாங்க" என்றேன். "ஜனங்க குழம்பிடுவாங்க."