பிரோஷ்காவின் தலையில் விழுந்த சோடா

செகெட், ஈஸ்டர் முடிந்த செவ்வாய், காலை

பெருமதிப்பிற்குரிய டாக்டர் போர்பாலா அவர்களுக்கு,

தாங்களும் தங்கள் நுண்ணோக்கியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அக்டோபரில் உங்கள் களிம்பு ஆய்வின் முதல் நாள் எங்களை உட்காரவைத்து ஒரு கேள்வி கேட்டீர்கள்: "வீட்டுல யாரு தேய்ச்சு விடுவாங்க?" முப்பத்தாறு வருடம் மாணவர்களைக் கை தூக்கச் சொன்னவன், அன்று நானே கை தூக்கினேன். அந்தப் பொறுப்பில் நேற்று ஒரு விபரீதம் நடந்துவிட்டது. அதை ஒளிக்காமல் சொல்லவே இந்தக் கடிதம்.

என் மனைவி பிரோஷ்காவுக்குத் தலையில் புழுவெட்டு வந்து இரண்டு வருடமாகிறது. அன்றிலிருந்து தலையில் துண்டு, பாட்டுக்குழுவுக்குப் போவதில்லை, சொந்த அண்ணன் வந்தாலும் துண்டை அவிழ்ப்பதில்லை. உங்கள் களிம்பை வெறுமனே பூசினால் மேலேயே உட்கார்ந்திருக்கும், தேய்த்தால்தான் வேர்வரை போகும் என்றீர்கள். அவளுக்கு அது புரியவில்லை. "பார்லிக் கதிரைச் சட்டைக்கைக்குள்ள விட்டுக் கையை வீசி நட. யாரும் தள்ளாமலே தோள்பட்டை வரைக்கும் ஏறிடும், திரும்பி வராது. முடியிலயும் அப்படிச் செதில் இருக்கு. தேய்க்கத் தேய்க்க முடி ஆடும், மருந்து படிப்படியா குழிக்குள்ள இறங்கும்" என்றேன். "அப்ப என் தலையில விவசாயம் பண்ணப் போறீங்க" என்றாள். பண்ணினேன். தினமும் காலையில் ஐந்து நிமிடம், கடிகாரம் பார்த்து. பிப்ரவரியில் எடுத்த நுண்ணோக்கிப் படத்தில் புதிதாக முளைத்த பதினோரு முடிகளை நீங்களே எண்ணிக் காட்டினீர்கள்.

நேற்றோ தெளிப்புத் திங்கள். பெண்கள் பூப்போல வாடாமலிருக்க ஆண்கள் அவர்கள் தலையில் தண்ணீர் தெளிக்காத வீடு நம் ஊரில் ஏது? நீங்கள் கொடுத்த ஆய்வு விதித் தாளிலோ, மருந்து பூசினால் மாலைவரை தலையில் வேறெதுவும் படக்கூடாது, பட்டால் ஆய்விலிருந்து விலக்கப்படுவார் என்று இருக்கிறது. ஆகவே காலையில் தேய்த்துவிட்டு, அவளுக்குக் குளியல் தொப்பி மாட்டி, கதவைப் பூட்டி, அழைப்புமணியின் ஒயரையும் பிடுங்கிவிட்டேன். பக்கத்து வீட்டு ஒட்டோ தண்ணீருக்குப் பதிலாகத் தெளிக்க மலிவு சென்ட் பாட்டிலோடு வந்தார், அவரைக் கடிதப் பெட்டித் துளை வழியாகவே திருப்பி அனுப்பினேன். ஆனால் என் மச்சான் கால்மான், எழுபத்தெட்டு வயது, சோடா பீய்ச்சும் பாட்டிலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தோட்டத்து வழியாக வந்து சமையலறை ஜன்னலில் ஏறி உட்கார்ந்துவிட்டார், பாதி உள்ளே, பாதி வெளியே.

"மச்சான், கையில தெளிங்க. காலுல தெளிங்க. தலை மட்டும் வேண்டாம்."

"என்ன மாப்ள, அறுபது வருஷமா தெளிக்கிறேன். கால் கழுவி விடறதுக்கா இவ்வளவு தூரம் பஸ்ல வந்தேன்?"

"இது விஞ்ஞானம், மச்சான்!"

"உங்க விஞ்ஞானத்துக்கு முன்னாடியே இவ எனக்குத் தங்கச்சி!"

அப்போது பிரோஷ்கா, யாரையும் கேட்காமல், தொப்பியைக் கழற்றினாள். "அண்ணே, சண்டையை விடு. இங்க வந்து பாரு. முளைச்சிருக்கு."

கால்மான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். அந்தப் பதினோரு முடியையும் பார்த்தார். "அடி என் கண்ணு" என்றார். பாட்டிலோடேயே அவளைக் கட்டிக்கொள்ளப் போனார், விரல் பாட்டில் நெம்புகோலில்தான் இருந்தது. முழு சோடாவும் நடுமண்டையில்! பிரோஷ்கா சிரித்தாள், அவர் அழுதார், நான் உங்கள் தாளைத் தேடிக்கொண்டு ஓடினேன்.

அம்மா, தவறு முழுவதும் என்னுடையது. ஜன்னலுக்கும் தாழ் போட்டிருக்க வேண்டும். தண்டனை வேண்டுமானால் எனக்குக் கொடுங்கள். அவளை மட்டும் ஆய்விலிருந்து எடுத்துவிடாதீர்கள். நேற்று இரண்டு வருடத்துக்குப் பிறகு அவள் துண்டில்லாமல் அண்ணனோடு மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டாள்.

உங்கள் கைபட்ட தலைகளெல்லாம் தழைக்கட்டும். உங்கள் வீட்டாருக்கு எங்கள் இருவரின் அன்பு.

பணிவுடன்,
திஹமேர், இயற்பியல் ஆசிரியர் (ஓய்வு)

பி.கு.: கடிதத்தை உறையில் போட்டுவிட்டு இன்றைய மருந்தை எடுக்கக் குளிர்பெட்டியைத் திறந்தேன். ஒவ்வொரு நாளுக்கும் தனித்தனியாக நீங்கள் கொடுத்தவற்றில், 'திங்கள்' என்று எழுதிய ட்யூப் மூடி திறக்காமல் கிடக்கிறது. பக்கத்தில், ஈஸ்டர் முட்டைக்கு வாங்கிய மயோனைஸ் ட்யூப் பாதி காலி. நேற்றுக் காலை நான் கண்ணாடி போட்டிருக்கவில்லை. ஆக, கடிகாரம் பார்த்து ஐந்து நிமிடம் முறைப்படி நான் தேய்த்தது மயோனைஸை. கால்மான் கழுவிவிட்டதும் அதைத்தான், மருந்தை அல்ல. தாளின் பின்பக்கத்தைப் படித்தேன்: ஒருநாள் விட்டுப்போனால் குறித்துவைத்துவிட்டு மறுநாள் தொடரலாமாம். பிரோஷ்காவிடம் சொன்னேன். "அதான் நேத்து பூனை என் தலையையே சுத்திச் சுத்தி வந்துச்சு" என்கிறாள். தலையில் துண்டில்லாமல் முக்காலியில் காத்திருக்கிறாள், நான் போக வேண்டும். மேலே எழுதிய மன்னிப்பை எல்லாம் அடித்துவிடுங்கள். நாளைக் காலை பல் தேய்க்கும் முன், கையில் எடுத்த ட்யூபின்மேல் எழுதியிருப்பதை நீங்களும் ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்.