துக்க வீட்டுக்கு அழுதுகொண்டே போன கார்

என்னைப் பார்த்துச் சிரித்தவர்களுக்கெல்லாம் நன்றி சொல்லி ஒரு கட்டுரை எழுத வேண்டும் என்று கொஞ்ச நாளாகவே ஆசை. ஆட்கள் அதிகம். வெள்ளகோவிலில் என் மனைவி வகையில் மட்டும் ஒரு பந்தல் நிறைய இருக்கிறார்கள். ஒவ்வொருவரிடமும் நேரில் போய்ச் சொன்னால் மறுபடியும் சிரிப்பார்கள் என்பதால் எழுதிவிடுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் சோமனூர். வீட்டை ஒட்டியே அப்பாவின் தறிக்குடோன், அதாவது விசைத்தறிக் கொட்டகை. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் தறி, கல்லூரி முடித்த பிறகும் பல வருடம் தறி. இப்போது கணபதியில் குடியிருந்துகொண்டு நூல் வியாபாரம் செய்கிறேன். மனைவி சுமதி, கல்லூரியில் படிக்கும் மகள் யாழினி, ஒரு பழைய வெள்ளைக் கார், இவ்வளவுதான் குடும்பம். வீட்டில் எது கெட்டாலும் ஆளைக் கூப்பிட விடமாட்டேன், நானே பிரிப்பேன். (அதற்குப் பிறகு ஆளைக் கூப்பிடுவார்கள். அது வேறு கதை.)

போன வருடம் காரின் முன் சக்கரங்களுக்கு பிரேக் பேட் தேய்ந்துவிட்டது. சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் இரும்புத் தட்டை இரண்டு பக்கமும் கவ்விப் பிடித்து வண்டியை நிறுத்தும் கட்டைகள்தான் பிரேக் பேட். இதற்கு எதற்கு ஒர்க்‌ஷாப் என்று புதிய பேட் வாங்கி வந்து, செல்போனில் வீடியோவை ஓடவிட்டு, வாசலில் ஜாக்கி வைத்து வண்டியைத் தூக்கினேன். பெட்டிக்குள் பேடுகளோடு மெல்லிசாகச் சில தகடுகளும் இருந்தன. வீடியோவில் அந்தக் கட்டம் வந்தபோது ஈரோட்டுப் பார்ட்டி ஒருவர் போன் செய்துவிட்டார். பேசி முடித்துப் பார்த்தால் வீடியோக்காரர் அடுத்த வேலைக்குப் போயிருந்தார். தகடுகள், பொருள் அடிபடாமல் இருக்க வைத்த பேக்கிங்காகத்தான் இருக்கும் என்று முடிவுசெய்து ஓரமாகப் போட்டேன். இடது பக்கம் ஒரு பேட் உள்ளே போக மறுத்தது. சுத்தியலால் நாலு தட்டுத் தட்டியதும் மரியாதையாகப் போய் உட்கார்ந்துகொண்டது.

தெருவை ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன். மிதித்த இடத்தில் வண்டி நின்றது. வீட்டுக்கு வீடு ஆட்கள் கேட்டுக்கு வந்து எட்டிப் பார்த்தார்கள். எதிர்வீட்டுக்காரர் மாடியிலிருந்தே பார்த்தார். ஒரு மனிதன் சொந்தக் கையால் பிரேக் மாற்றினால் இந்தத் தெருவே மதிக்கிறது என்று நினைத்து, எல்லோருக்கும் கையை அசைத்துக்கொண்டே வந்தேன்.

வாசலில் நின்ற சுமதி, என்னமோ கீச்சென்று கத்துகிறதே என்றாள். புது பேட் படிகிற வரைக்கும் லேசாகச் சத்தம் வரும் என்று எங்கேயோ படித்திருந்ததை அப்படியே எடுத்துச் சொன்னேன். எனக்கு எந்தச் சத்தமும் கேட்கவில்லை. ஆனாலும் விளக்கம் கைவசம் இருக்கும்போது சொல்லாமல் விட முடியுமா?

மறுநாள் காலையில் வெள்ளகோவிலிலிருந்து செய்தி வந்தது. சுமதியின் பெரியப்பா காலமாகிவிட்டார். பேரன் பேத்தி எடுத்து, கடைசி வரை தோட்டம் பார்த்து, படுக்கையில் கிடக்காமல் போன மனிதர். மூன்று பேரும் கிளம்பினோம்.

சூலூர் தாண்டுவதற்குள் சுமதி இரண்டு தடவை சத்தத்தைப் பற்றிச் சொன்னாள். பிறகு கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டாள். யாழினி பின்சீட்டில் காதில் பாட்டை மாட்டிக்கொண்டாள். பல்லடத்தில் சிக்னலுக்கு வந்து நிற்கும்போது பக்கத்து பஸ்ஸிலிருந்து ஒரு வரிசையே திரும்பி எங்களைப் பார்த்தது. காங்கேயத்தில் இரண்டு நாய்கள் கூடவே ஓடி வந்தன. சுமதி பெரியப்பாவை நினைத்துத்தான் முகத்தைச் சுளித்துக்கொண்டு வருகிறாள் என்று எண்ணி, வருகிறவர்கள் ஒரு நாள் போகத்தானே வேண்டும் என்கிற ரீதியில் ஆறுதல் சொல்லிக்கொண்டே ஓட்டினேன்.

தோட்டத்து வீட்டுக்கு மெயின் ரோட்டிலிருந்து ஒரு மண் தடம் இறங்குகிறது. சரிவு என்பதால் பிரேக்கை விட்டு விட்டுப் பிடித்தபடி மெதுவாக இறங்கினேன். பந்தலில் அழுது ஓய்ந்த பெண்கள் அப்போதுதான் காபித் தம்ளரைக் கையில் எடுத்திருக்கிறார்கள். எங்கள் கார் கண்ணில் பட்டதோ இல்லையோ, தம்ளர்களை வைத்துவிட்டு எழுந்தார்கள். ஒருவரையொருவர் கட்டிப் பிடித்துக்கொண்டு பெருங்குரலில் அழத் தொடங்கினார்கள். என் மனைவி மேல் இந்தக் குடும்பத்துக்கு எவ்வளவு பாசம் பாருங்கள், காரைப் பார்த்ததுமே இப்படி என்றால்?

சுமதி இறங்கியதும் அவளுடைய பெரியம்மா, அதாவது கணவரை இழந்த அந்த அம்மாளே, வந்து கட்டிக்கொண்டார்.

"மெயின் ரோட்டுலிருந்தே அழுதுட்டு வந்தியா கண்ணு?" என்றார்.

சுமதி என்னை ஒரு பார்வை பார்த்தாள். அந்த நிலைமையில் இல்லை என்று எப்படிச் சொல்வது? பெரியம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். முதுகு குலுங்கியது. (அதில் பாதி சிரிப்பு என்று பிற்பாடு ஒப்புக்கொண்டாள்.)

மாலை போட்டுவிட்டு ஆண்கள் பக்கம் போய் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் தங்கவேல் மச்சான் வந்தார். இறந்தவரின் மகன். சவ வண்டி வருவதால் காரைத் தள்ளி நிறுத்தச் சொன்னார். எடுத்தேன். உள்ளே மறுபடியும் அழுகை எழுந்தது. நிழலில் விட்டால் தேவலை என்று இன்னும் கொஞ்சம் முன்னால் நகர்த்தினேன். இன்னொரு அலை எழுந்தது. மச்சான் வேகமாக வந்து கண்ணாடியில் கையை வைத்தார்.

"மாப்ளே, வண்டிய இப்படியே நிறுத்திப்போடுங்க. பொம்பளைங்களுக்குத் தொண்டை தாங்காதுங்க."

எதற்கு என்று கேட்டேன். சத்தம் என்றார். எந்தச் சத்தம் என்று கேட்டேன். மச்சான் என்னை உற்றுப் பார்த்தார். பிறகு என்னை இறங்கச் சொல்லிவிட்டு, தானே ஏறி ஸ்டியரிங்கைப் பிடித்து, தடத்தில் மெதுவாக ஓட்டிக் காட்டினார்.

நான் பக்கத்திலேயே நடந்தேன். இன்ஜின் கேட்டது. டயரில் கல் நெரிபடுவது கேட்டது. தடத்தின் மேட்டில் அடிக்கிற பறை கேட்டது. பந்தலில் இருந்த ஆண்கள் பல்லைக் கடித்துக்கொண்டு காதைப் பொத்தினார்கள். எதற்காகப் பொத்துகிறார்கள் என்பது மட்டும் எனக்குக் கேட்கவில்லை.

நான் வேண்டுமென்றே நடிக்கிறேன் என்று நினைத்துத்தான் முதலில் ஒருவர் சிரித்தார். பிறகு இன்னொருவர். துக்க வீட்டில் அடக்கி வைத்த சிரிப்பு இருக்கிறதே, அது ஒரு இடத்தில் உடைந்தால் நிற்காது. பந்தலே குலுங்கியது. நானும் எதற்கென்று தெரியாமல் சேர்ந்து சிரித்தேன்.

சிரிக்காமல் நின்றது சுமதி மட்டும்தான். எப்போது வெளியே வந்தாள் என்று தெரியவில்லை. அத்தனை பேர் முன்னிலையில் பக்கத்தில் வந்து என் கையைப் பிடித்தாள்.

"உங்களுக்கு நெசமாவே கேக்கலீங்களா?"

"இல்ல சுமதி."

"கொஞ்சங்கூட?"

நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

தறிகள் போடுகிற சத்தத்தில் குடோனுக்குள் யார் பேசுவதும் யாருக்கும் கேட்பதில்லை. வாயசைவைப் பார்த்தே பேசிக்கொள்வோம். அந்தப் பழக்கத்தில் எதிரே நின்று பேசுகிறவர்கள் சொல்வது எனக்கு எப்போதும் விளங்கிவிடும். குக்கர் விசில் அடித்ததைச் சொல்லவில்லையே என்று சுமதி கோபித்ததும், வாசல் மணி கெட்டுப்போயிருக்கிறது என்று நான் இரண்டு தடவை மாற்றியதும் அந்த மண் தடத்தில் நின்றபடி ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. கடைசியாக யாழினி. அவளுக்கு மெல்லிய குரல். பின்சீட்டிலிருந்து ஏதாவது சொன்னால், வாய்க்குள்ளேயே முணுமுணுக்காதே என்று கத்துவேன். கொஞ்சம் கொஞ்சமாக அவள் என்னிடம் சொல்வதை நிறுத்திவிட்டு எல்லாவற்றையும் அம்மாவிடமே சொல்லிவந்தாள். வயசுக்கு வந்த பெண்கள் அப்படித்தான் போல என்று நினைத்திருந்தேன்.

எல்லாம் முடிந்து திரும்பும்போது யாழினி தானாகவே முன்சீட்டில் வந்து உட்கார்ந்தாள். காதில் பாட்டு இல்லை. என் பக்கம் முகத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு, வழிநெடுக எனக்குச் செய்தி வாசித்தாள். இப்போது கத்துகிறது, பிரேக்கை அழுத்தியதும் நின்றுவிட்டது, விட்டதும் மறுபடி கத்துகிறது, வண்டி நிற்கப் போகும்போது மட்டும் வேறு மாதிரி ஒரு உறுமல். ஆக, சத்தம் ஒன்றில்லை, இரண்டு. காங்கேயத்து நாய்களைப் பற்றியும் உரிய நேரத்தில் தகவல் தந்தாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மூன்று பேரும் வாசலில் கூடினோம். முதலில் நான் மெதுவாக ஓட்ட, சுமதி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சக்கரத்துக்குச் சக்கரம் காதைச் சாய்த்தபடி கூடவே நடந்தாள். தெரு மறுபடியும் கேட்டுக்கு வந்தது. இந்தத் தடவை நான் கையசைக்கவில்லை. இடது முன் சக்கரந்தான் என்றாள். ஜாக்கி போட்டுத் தூக்கி, சக்கரத்தைக் கையால் சுற்றினேன். அவள் முகம் சுருங்கியது. கழற்றினேன்.

பேட் தேய்ந்து தீரும் நேரத்தில், என்னை மாற்று என்று எச்சரிப்பதற்காகவே ஓரத்தில் ஒரு சின்ன இரும்பு நாக்கு வைத்திருக்கிறார்கள். கட்டை கரைந்ததும் அந்த நாக்கு தட்டில் உரசிக் கத்தும். நான் சுத்தியலால் அடித்த அடியில் அது வளைந்து, முதல் நாளிலிருந்தே தட்டை உரசிக்கொண்டிருந்தது. புத்தம் புதிய பேட், நான் தேய்ந்துவிட்டேன் என்று கணபதியிலிருந்து வெள்ளகோவில் வரைக்கும் ஒப்பாரி வைத்திருக்கிறது. தட்டில் வட்டமாக ஒரு கோடு பளபளத்தது. கட்டிங் பிளேயரால் நாக்கை நிமிர்த்தி மாட்டினேன். கீச்சு நின்றுவிட்டது என்றார்கள். ஆனால் நிற்கும்போது வருகிற உறுமல் அப்படியே இருந்தது.

யாழினி அந்த வீடியோவை எடுத்து, நான் போன் பேசிய இடத்தைச் சரியாகப் பிடித்தாள். அந்தத் தகடுகள் பேக்கிங் இல்லை. பேட் அதிர்ந்து சத்தம் போடாமலிருக்க முதுகில் வைக்க வேண்டியவை. எங்கே வைத்தீர்கள் என்று கேட்டாள். ஓரமாகப் போட்டேன் என்றேன். சுமதி சமையலறைக்குள் போனாள். கிரைண்டர் ஆடாமலிருக்க அதன் காலுக்கு அடியில் முட்டுக் கொடுத்திருந்ததை உருவி, மாவைக் கழுவிக்கொண்டு வந்து நீட்டினாள். அந்த வீட்டில் பொருளை வீணாக்கியது நான் ஒருவன்தான் என்பது அன்றைக்கு மறுபடியும் நிரூபணமானது.

பேட் உட்காரும் இடத்துத் துருவைத் தேய்த்து எடுத்து, பேட் உராயும் முகத்தில் படாமல் முதுகில் மட்டும் பிரேக் கிரீஸைத் தொட்டு வைத்து, தகடுகளோடு மாட்டினோம். தெருக்கோடி வரை போய்த் திரும்பி அவர்கள் முன்னால் நிறுத்தினேன். எனக்கு முன்னும் பின்னும் ஒன்றுதான். அவர்கள் இரண்டு பேரின் முகத்தையும் பார்த்துத்தான் வண்டி சரியாகிவிட்டது என்று தெரிந்துகொண்டேன். (ஆனாலும் அடுத்த நாள் ஒரு மெக்கானிக்கிடம் காட்டிய பிறகுதான் சுமதி ஏறினாள்.)

பிறகு காது டாக்டர். ஓர் அறைக்குள் உட்கார வைத்து, சத்தம் கேட்கும்போது பட்டனை அழுத்தச் சொன்னார்கள். நீண்ட நேரம் சும்மாவே உட்கார்ந்திருந்தேன். தடித்த சத்தங்கள் எனக்கு நன்றாகவே கேட்கின்றன, மெல்லிய கீச்சுச் சத்தங்கள்தான் போய்விட்டன, தறிக்காரர்களுக்கு இது சகஜம் என்றார் டாக்டர். இன்னும் நாளைக் கடத்தியிருந்தால் மிச்சமிருப்பதும் குறைந்திருக்கும், எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டார். பிரேக் பேட் மாற்றினேன் என்றேன். அவரும் சிரித்தார். அவருக்கும் நன்றி.

இரண்டு காதிலும் மிஷின் மாட்டிக்கொண்டு வந்த முதல் நாள், எங்கள் வீட்டில் கொசு இருக்கிறது என்பதைக் கண்டுபிடித்தேன். அதுவரை, கணபதியிலேயே கொசு இல்லாத ஒரே வீடு எங்களுடையது என்று விருந்தாளிகளிடம் சொல்லிவந்திருக்கிறேன். விருந்தாளிகள் கையைத் தட்டிக்கொண்டே கேட்டிருக்கிறார்கள். அந்த வாரமே, காரில் போகும்போது யாழினி பின்சீட்டிலிருந்து, ஜன்னலைப் பார்த்தபடி, யாரிடமும் இல்லாததுபோல, மேற்படிப்புக்கு வெளியூர் போகலாமா என்று யோசிப்பதாகச் சொன்னாள். எந்த ஊர் என்று கேட்டேன். கண்ணாடியில் பார்த்தேன். அவள் முன்சீட்டில் இருந்த அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.

போன மாதம் சுமதியின் பெரியப்பாவுக்கு வருஷத் திதி. வெள்ளகோவில் போயிருந்தோம். அங்கே என் பெயரே இப்போது அழுகை மாப்பிள்ளை. நான் போய் இறங்கியதும் யார் யாரோ தம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நிற்பார்கள். அது ஒரு வழக்கமாகிவிட்டது. சாப்பாடு முடிந்து எல்லோரும் பந்தலில் உட்கார்ந்திருந்தபோது, அத்தை, அதுதான் சுமதியின் பெரியம்மா, எனக்கு முதுகைக் காட்டி, தன் மருமகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். கார் இப்போது சத்தம் போடுவதில்லையா என்று கேட்டார். இல்லீங்க அத்தை என்றேன். அவர் வெற்றிலையை மடித்தார். பிறகு திரும்பாமலேயே, சின்னக் குரலில் சொன்னார்.

"நான் போற அன்னைக்கு மட்டும் மறுபடியும் கத்தற மாதிரி பண்ணிட்டு வந்துருங்க மாப்ளே. எம்பட மருமவளுக்கு அத்தனை சுருக்கா அழுகை வராதுங்க."

இத்தனை வருடமும், எல்லோரும் சிரித்து முடித்த பிறகு அவர்கள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பதுதான் என் வழக்கம். அன்றைக்கு அந்தப் பந்தலில் முதலில் சிரித்தவன் நான். அடுத்து அந்த மருமகள்.