நாளைப் பேப்பர் சுவாமிகள்

ஸ்காபரோவில் எங்கள் சனம் இப்போது எதற்கும் கவலைப்படுவதில்லை. எல்லாவற்றுக்கும் 'நாளைப் பேப்பர் சுவாமிகள்' இருக்கிறார். பிளாசாவில் புடவைக்கடைக்கு மேலே ஆசிரமம். வெள்ளிக்கிழமை இரவானால் கீழே கார் நிறுத்த இடமில்லை.

அப்படி என்ன அற்புதம்? இலங்கையில் நாளைக் காலைப் பேப்பரில் வரப்போகும் லொத்தர்ச் சீட்டுக் குலுக்கல் முடிவை, இன்று இரவே ரொறன்ரோவில் இருந்து சொல்லிவிடுகிறார். மறுநாள் ஒத்துப் பார்த்தால் ஒரு இலக்கம் பிசகாது. அந்தச் சீட்டை இங்கே வாங்க முடியாதே என்று குறுக்குக் கேள்வி கேட்காதீர்கள். அதற்குத்தான் 'கனடா யந்திரம்' இருக்கிறது. அதை வாங்கிப் பூசித்தால் இங்கத்தைய நம்பரும் கனவில் வரும். விலை தனி.

நானும் வரிசையில் நின்றேன். வாராவாரம் லொத்தர் எடுத்தே இந்த அரசாங்கத்துக்கு ஒரு சின்னப் பாலம் கட்டிக்கொடுத்த ஆள் நான். என்னைக் காவல் காக்க என் மனைவி கோணேஸ்வரியும் வந்திருந்தாள்.

எங்களுக்கு முன்னால் பக்கத்து வீட்டுக் குணவதி அக்கா. கையில் தடித்த உறை. யாழ்ப்பாணத்தில் டயலிசிஸ் செய்துகொண்டிருக்கும் தங்கச்சி நிலாணியைப் போய்ப் பார்க்கவென்று சேர்த்த பிளேன் காசு.

"அக்கா, உது ரிக்கெற் காசெல்லோ?" என்றாள் கோணேஸ்வரி.

"யந்திரம் வாங்கினா கட்டாயம் விழும் பிள்ளை. விழுந்தா அவளை இஞ்ச கூப்பிட்டே வைத்தியம் பாக்கலாம்."

சுவாமிகள் கண்ணை மூடினார். நாளைய இலக்கங்களை ஒரு துண்டில் எழுதிக் கற்பூரத் தட்டின் கீழ் வைத்தார். "அரோகரா!" என்றது கூட்டம். அதில் என் குரல்தான் உரத்தது என்று வீட்டில் இன்றும் பேச்சு விழுகிறது.

கோணேஸ்வரி யாழ்ப்பாணத்துக்குப் போன் எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"நிலாணி, என்ன செய்யிறாய்?"

"இப்பதான் எழும்பித் தேத்தண்ணி குடிக்கிறன்."

"பேப்பர் வந்திட்டுதோ? லொத்தர் முடிவை ஒருக்கா வாசி."

"ஏழு, பன்னிரண்டு, முப்பத்தொண்டு, நாப்பத்தாறு."

கோணேஸ்வரி தட்டின் கீழிருந்த துண்டை இழுத்து விரித்தாள். அதே நாலு இலக்கம்.

"கடவுளே!" என்றார் பின்னால் நின்ற நவரட்ணம் அண்ணை. "அந்தப் பிள்ளைக்கும் ஞானதிருஷ்டி!"

"அண்ணை, அங்க விடிஞ்சிட்டுது! ராத்திரியே குலுக்கி முடிஞ்சுது. எங்களுக்குத்தான் உது நாளைப் பேப்பர்." கோணேஸ்வரி சுவாமிகளிடம் திரும்பினாள். "சாமி, இனித்தான் இஞ்ச குலுக்கப் போகினம். அந்த நம்பரை எழுதுங்கோ பாப்பம்."

"இது குளிர் மண். சக்தி உறைஞ்சு போகும்" என்றார் சுவாமிகள். அது ஜூலை மாதம்.

தினமும் ஊருக்குப் போன் எடுக்கிற சனம் நாங்கள். 'இப்ப அங்க நித்திரையா இருப்பினம்' என்று விரல் மடித்துக் கணக்குப் பார்க்கிறவர்கள். ஆசிரமப் படியில் செருப்போடு அந்தக் கணக்கையும் கழற்றி வைத்துவிட்டோம்.

போன் இன்னும் அணையவில்லை. "என்ர அக்காவும் உங்க நிக்கிறாவோ?" என்றது நிலாணியின் குரல். "எப்ப வாறா எண்டு கேளுங்கோ."

குணவதி அக்கா உறையைக் கைப்பைக்குள் திணித்து சிப்பை இழுத்து மூடினார். "வாற கிழமை வாறனடி!" என்று போனைப் பார்த்துக் கத்தினார். எனக்குக் கண் கலங்கியது. கற்பூரப் புகை என்று சமாளித்தேன்.

சுவாமிகள் பின்கதவால் போய்விட்டார். கூட்டம் மட்டும் போகவில்லை. நவரட்ணம் அண்ணை மெல்லக் கோணேஸ்வரியிடம் வந்தார்.

"பிள்ளை, நீர் கெட்டிக்காரி. உம்மட வாயால ஒரு நம்பர் சொல்லுமன்."

"ஒண்டு, அண்ணை."

அவசரமாக எழுதிக்கொண்டார். "ஒண்டு... பிறகு?"

"பிறகு இல்லை. ஆளுக்கு ஒரு தலைதான் இருக்கு. அதை ஒருக்காப் பாவிச்சுப் பாருங்கோ."