எண்ணிப் பிடுங்கிய குரக்கன்

முப்பத்து நான்கு வருடம் பிள்ளைகளுக்குக் கணிதம் படிப்பித்த எனக்கு எண்ண நன்றாகத் தெரியும். எதை எண்ணுகிறேன் என்பதுதான் சில வேளைகளில் தெரியாமல் போய்விடும்.

ஓய்வுபெற்ற முதல் வருடம் நடந்தது இது. நீர்வேலியில் எங்களுக்கு இரண்டு பரப்புச் செம்மண் காணி. வாழை வைக்க அதைக் குத்தகைக்குக் கேட்டு ஒருவர் நடையாய் நடந்தார். கொடுத்துவிட்டால் விடிந்ததும் நான் போவதற்கு ஓரிடமும் இல்லை. (வீட்டிலிருந்தால் கறிக்குப் போடும் மிளகாயையும் எண்ணுவேன்.) "ஒரு போகம் குரக்கன் போட்டுப் பாக்கிறனே" என்று மனைவி கமலாவிடம் கெஞ்சினேன்.

"ஓம், போடுங்கோ. விளையேல்லையெண்டா காணி வாழைக்காரருக்குத்தான்."

குரக்கன், அதாவது கேழ்வரகு, அதிகம் கேட்காத பயிர். தண்ணீர் தேங்கக் கூடாது. முதல் மாதம் களை இருக்கக் கூடாது. மூன்று தரம் கொத்தி, விதையை மணலோடு கலந்து விசிறினேன். மழையும் அளவாய்ப் பெய்தது.

முளைத்தவை இரண்டு வகை. ஒன்று ஒல்லியாய் நிமிர்ந்து காற்றுக்கு ஆடியது. மற்றது அடி தட்டையாய், வெள்ளையாய், மண்ணைக் கவ்விப் படுத்து, நல்ல தேகக்கட்டோடு இருந்தது. எது பயிர்? படித்தவன் யாரிடம் போய்க் கேட்பான்? கட்டுமஸ்தானதே பயிர் என்று முடிவெடுத்தேன். இருபதாம் நாளிலிருந்து ஒல்லிகளை வேரோடு பிடுங்கி, பத்துப் பத்தாக அடுக்கி, கொப்பியில் குறித்து, வேலியோரம் வைத்தேன். மொத்தம் 1,146.

அடுத்த தோட்டத்துச் செல்வராணி எட்டிப் பார்த்தாள்.

"மாஸ்டர், உதுகளை நான் எடுக்கட்டே?"

"ஆட்டுக்கே பிள்ளை? எடும், எடும்."

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். ஏனென்று நான் யோசிக்கவில்லை.

பிறகு என் காணியிலும் கதிர் வந்தது. விரல் விரலாகத்தான் வந்தது. ஆனால் ஒரு மாதம் காய்ச்சலில் கிடந்தவனின் விரல்கள். இனித்தான் தடிக்கும் என்று நம்பி, மூன்று நாளுக்கு ஒருக்கால் இறைத்தேன்.

ஒருநாள் கமலா வந்தாள். ஒரு கதிரை உள்ளங்கையில் வைத்துக் கசக்கி ஊதினாள். கையில் ஒன்றும் மிஞ்சவில்லை.

"என்னப்பா, புல்லுக்கே இவ்வளவு நாளும் தண்ணி இறைச்சனீங்கள்?"

கைத்தொலைபேசியை எடுத்தாள். வாழைக்காரரின் எண்ணுக்குப் பத்து இலக்கம். அவள் ஏழாவதை அழுத்தும்வரை எண்ணினேன்.

"மாஸ்டர், கதிர் வெட்டுக் கிட்டடியிலை வந்திட்டுது. சாக்கு இருக்கே?" வேலிக்கு அப்பாலிருந்து செல்வராணியின் குரல். எட்டிப் பார்த்தோம். வரிசை வரிசையாக, மடக்கிய கைகளைப் போல் தடித்த கதிர்கள் மண்ணிறத்தில் தலைகுனிந்து நின்றன.

"உது ஆரின்ரை குரக்கன்?" என்றாள் கமலா.

"உங்கடைதான் அக்கா. மாஸ்டர் நெருக்கத்தைக் கலைச்சு வைச்ச நாத்தைத்தான் நட்டனான். நாத்து உங்கடை, வேலை என்ரை. பாதி பாதி எண்டு நினைச்சன். ஆட்டுக்கோ எண்டு கேட்டு மாஸ்டர் பகிடி விட்டவர். எங்களிட்டை எங்கை ஆடு?"

கமலா தொலைபேசியைக் கைப்பைக்குள் போட்டாள். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. (வந்ததும் வேலிக்கப்பால் போய் எண்ணினேன்: 1,093. மீதி ஐம்பத்து மூன்றுக்கும் இன்றுவரை கணக்கில்லை.)

காணி எங்களிடமே இருக்கிறது. போகத்துக்குப் போகம் குரக்கன்தான். செல்வராணி காட்டித் தராத எதையும் நான் பிடுங்கக் கூடாது என்பது ஒரே நிபந்தனை. குரக்கன் பிட்டு அவிக்கிற நாட்களில் கமலா அகப்பையோடு வந்து, விருந்தாளிகள் இருந்தாலும் பாராமல், கேட்பாள்:

"இன்னும் கொஞ்சம் களை வைக்கட்டே?"

"ஓம்" என்று தட்டை நீட்டுவேன்.