மூணு டப்பா

விழுப்புரம் மாவட்டத்து வயிறுகளில் குடியிருந்த நாடாப்புழுக்கள் எல்லாம் ஒரே ஒரு மனிதருக்குத்தான் பயந்தன. திண்டிவனத்தில் நான் வேலை பார்க்கும் லேபில் எனக்குப் பக்கத்து நாற்காலிக்காரர். பெயர் மூணு டப்பா. பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டைத் தவிர வேறெங்கும் புழங்கவில்லை.

காரணம் இதுதான். புழு இருக்கிறதா பாருங்கள் என்று டாக்டர் எழுதி அனுப்பினால், நான் மலத்தை ஒருமுறை மைக்ராஸ்கோப்பில் பார்த்து, ‘இல்லை’ என்று எழுதிவிடுவேன். அவர் மூன்று நாள், மூன்று டப்பா கேட்பார். அனந்தபுரத்திலிருந்து பஸ் ஏறி வந்தவர்கள் அழாத குறைதான்.

“இன்னா சார், கரும்பு வெட்டப் போவாம தெனம் டப்பாவத் தூக்கிக்கினு வர்றதா?”

“புழுவோட முட்டை தெனம் வராதுங்க. இன்னிக்கு லீவுல இருக்கும். நாளைக்கு டூட்டிக்கு வரும்.”

வந்துவிடும். அதுதான் என் வயிற்றெரிச்சல். மூன்றாவது டப்பாவில் கண்டுபிடித்து, லேபே அதிர “கெடச்சிடுச்சி!” என்று கத்துவார். குணமானவர்கள் பை நிறைய மல்லாட்டையோடு, அதாங்க வேர்க்கடலையோடு, வந்து அவரைத்தான் தேடுவார்கள். சர்க்கரை அளவு பார்த்துச் சொன்னவனுக்கு யார் மல்லாட்டை தருவார்கள்? இத்தனைக்கும் என்னைவிட ஆறு மாதம் ஜூனியர். இந்த ஆள் வேறு ஊருக்குத் தொலையட்டும் என்று மயிலம் முருகனிடம் வேண்டிக்கொண்டதுண்டு.

அப்படிப்பட்ட எனக்கே ஒரு நாள் காலையில் வெள்ளையாக, பட்டையாக, நாடாத் துண்டு மாதிரி ஒன்று வெளியே வந்தது. பதறிப்போய்த் தண்ணீர் ஊற்றிவிட்டேன். பிறகு ஒரு டப்பாவில் எடுத்துப்போய், லேபில் ரகசியமாக நானே பார்த்தேன். வழக்கம்போல ஒருமுறை. வழக்கம்போல ‘இல்லை’. மறுநாள் இன்னொரு துண்டு வந்தது. அவரிடம் டப்பா கொடுப்பதா? செத்தாலும் மாட்டேன்.

மாமியாருக்கு உடம்பு முடியவில்லை என்று பர்மிஷன் போட்டு, விழுப்புரத்தில் ஒரு லேபுக்குப் போனேன். ‘முருகேசன், வளவனூர்’ என்று டப்பாவில் எழுதிக் கொடுத்துவிட்டுத் திரும்பினேன். மறுநாள் சாப்பாடு முடிந்து வந்து உட்கார்ந்தால், அவர் மேஜைமேல் முருகேசன் டப்பா! புழு என்றால் விழுப்புரத்துக்காரர்களும் அவருக்குத்தான் அனுப்புவார்களாம். நோயைவிட அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அவர் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என்னையும் ஒரு பார்வை பார்த்தார்.

“இது பத்தாது சார். இந்த முருகேசன் இன்னும் ரெண்டு டப்பா தரணும்.”

மாமியாரின் உடம்பு மேலும் இரண்டு நாள் மோசமானது.

மூன்றாவது டப்பாவைப் பார்க்கும்போது அந்தக் கத்தலுக்காகக் காத்திருந்தேன். அவர் கத்தவில்லை. நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு மெல்லச் சொன்னார்.

“முருகேசன் பயப்பட வேணாம் சார். டாக்டரு எடை பாத்து மாத்திரை தருவாரு, ஒரே வேளைதான். ஆனா சில பேருக்குப் புழுக்குஞ்சு மூளைக்கும் போயிருக்கும், அதனால ஃபிட்ஸ் வந்துதா, ஓயாத தலைவலி இருக்கான்னு கேப்பாரு. பேரு வேணா பொய்யா இருக்கட்டும், அதுல பொய் சொல்லக் கூடாது.”

வாசல் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டேன். “எப்படி... கண்டுபுடிச்சீங்க?”

“எந்த பேஷண்ட்டு சார் டப்பாமேல எடுத்த மணி, நிமிஷம் எல்லாம் எழுதி, மூடி சுத்தி பிளாஸ்திரி ஒட்டித் தருவான்? அது வேலை தெரிஞ்சவன் கை.”

என் வேலையை அதுவரை யாரும் அப்படிப் பாராட்டியதில்லை.

மாத்திரை வேலை செய்தது. ஒரு மாதம் கழித்தும், மூன்று மாதம் கழித்தும் மறுபடி டப்பா கொடுத்தேன். சொந்தப் பெயரில், அவர் கையிலேயே. லேபில் ஒருவரிடமும் அவர் மூச்சு விடவில்லை.

என் வேண்டுதல் தாமதமாகப் பலித்தது. போன வருஷம் விழுப்புரத்துக்கே வேலை மாறிப் போய்விட்டார். இப்போது மூன்று டப்பா கேட்பது நான்.

போன வாரம் ஒரு அம்மா பை நிறைய மல்லாட்டையோடு வந்து, “மூணு டப்பா சார் நீங்கதானே?” என்றார். பை கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது.

“நான் இல்லம்மா. அவரு விழுப்புரத்துல இருக்காரு” என்று சொல்லி, பஸ்ஸும் காட்டி அனுப்பினேன். அந்தப் பெயரை இன்னொருவன் வைத்துக்கொள்வதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியாது, அது நானாகவே இருந்தாலும்.